தலைவர் வீட்டுத் துக்கம்

பொன்னுசாமி கமுதிப் பக்கத்து மூக்கையாவின் நடு மகன். பெண்டாட்டி இருளாயி, சொந்தத் தாய்மாமன் மகள். கல்யாணமான மறு மாதமே இரண்டு பேரும் ஓசூருக்கு வந்துவிட்டார்கள். அவருக்கு சிப்காட்டில் வேலை.

அந்தக் காலத்தில் தெற்கத்திப் பையன் ஒருவன் காய்ச்சலில் செத்தான். உடம்பை ஊருக்குக் கொண்டுபோக நாதியில்லை. அன்றைக்குப் பதினோரு பேர் கூடித் தொடங்கியதுதான் தென்னாட்டார் உறவுச் சங்கம். செத்தவரைச் சொந்த மண்ணில் சேர்ப்பதுதான் அதன் முதல் வேலை. அதற்கொரு வழக்கமும் வைத்தார்கள். சாவு வீட்டார் போனைத் தொடக் கூடாது. தலைவரே எல்லாரையும் கூப்பிடுவார், ஐஸ் பெட்டிக்குச் சொல்வார், வண்டி பிடிப்பார், முன் சீட்டில் உட்கார்ந்து ஊர் வரைக்கும் போவார்.

தலைவர் என்றால் பொன்னுசாமிதான். இருபத்தாறு வருஷமாக வேறு பேர் வந்ததில்லை. முப்பத்தெட்டுப் பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அழுதுகொண்டே போனை எடுக்கும் பிள்ளைகளிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு, "நீ அழுய்யா, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்பார். பெட்டிக்காரன், வண்டிக்காரன் நம்பரெல்லாம் அவருடைய டைரியில்தான்.

"முன் சீட்டுலயே ஒன் ஆயுசு போச்சு. நான் செத்தா எவன்யா முன்னால உக்காருவான்?" என்று இருளாயி கேலி பண்ணுவாள்.

"சங்கம் இருக்குல்ல புள்ள."

"என்னமோ போ. எங்காத்தாவப் பொதச்ச எடத்துல என்னையும் பொதச்சுப்புடு. இந்தக் குளிருல விட்டுட்டுப் போயிராத."

போன ஆனியில் ஒரு விடியலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பொன்னுசாமி செயலாளர் பரமசிவத்துக்குப் போன் போட்டார். "இருளாயி போயிட்டாப்பா" என்றார். மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று வைத்துவிட்டார். மகள் மோகனப்ரியா தன் போனை எடுத்தாள்.

"வைம்மா. நம்மளே வழக்கத்த மீறலாமா? அவங்க பாத்துக்குவாங்க."

பரமசிவம் சங்கத்து வாட்ஸப்பில் போட்டான்: 'தலைவர் வீட்டில் துக்கம். மற்ற விவரம் தலைவர் சொல்வார்.'

இருநூறு வீட்டுச் சங்கம். உச்சிப் பொழுது வரைக்கும் வந்தது, ஒரே காம்பவுண்டில் குடியிருக்கும் கிழவர்கள் இரண்டு பேர். எதிர்வீட்டுக் கெம்பம்மா ஓசூர் மண்ணிலேயே பிறந்தவள். குளிப்பாட்டி, புடவை சுற்றி, எல்லாம் அவள்தான் செய்தாள்.

"ஐஸ் பெட்டிகூட வர்லியேண்ணா. ஊர்ப்பட்ட சாவுக்கு நீங்க ஓடுனீங்க, எங்கண்ணா உங்க ஆளுங்க?"

"வருவாங்கம்மா. கெளம்பியிருப்பாங்க."

"அப்பா, நான் கூப்பிடுறேன்ப்பா" என்றாள் மோகனப்ரியா.

"தலைவனே சங்கத்த நம்பலேன்னா வேற எவம்மா நம்புவான்?"

மூன்று மணிக்கு உடம்பு உப்பத் தொடங்கியது. பொன்னுசாமி தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். கெம்பம்மாவின் புருஷன் கங்கப்பன் அவர் பக்கத்தில் குந்தினான்.

"ஐநூறு கிலோமீட்டர் தாங்காதுண்ணா. எங்க சுடுகாடு இருக்குது. அக்கா எங்களுக்கும் அக்காதான்."

பொன்னுசாமி தலையை ஆட்டினாரா, அது தானாக ஆடியதா என்று தெரியாது. கங்கப்பனின் பங்காளிகள் நாலு பேர் தோள் கொடுத்தார்கள். இருளாயி அந்தக் குளிர் மண்ணிலேயே இறங்கினாள்.

மறுநாள் சங்கமே திரண்டு வந்தது. பரமசிவம் காலில் விழுந்தான்.

"செருப்ப மாட்டிக்கிட்டுத்தாண்ணே எல்லாரும் உக்காந்திருந்தோம். நீங்க கூப்பிடுவீங்க, கூப்பிடுவீங்கன்னு."

"நீ கூப்பிட்டிருக்கலாமேப்பா."

"நானாண்ணே? நான் என்னைக்குண்ணே கூப்பிட்டிருக்கேன்?"

கூப்பிட ஒருத்தனையாவது பொன்னுசாமி எப்போது பழக்கினார்?

ஆவணியில் ஆண்டுக்கூட்டம். டைரியை மேசை மேல் வைத்து, "இத யாராவது எடுத்துக்கிடுங்கப்பா, என்னால முடியல" என்றார். மண்டபமே கை தட்டியது.

"தலைவரு வருஷா வருஷம் இப்படித்தான் சொல்லுவாரு!" என்றான் முன்வரிசை சுபாஷ். எல்லாரும் சிரித்தார்கள். மாலை போட்டார்கள்.

கூட்டம் கலைந்தபோது டைரி வைத்த இடத்திலேயே கிடந்தது. எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். வண்டி கங்கப்பன் ஊர்ச் சுடுகாட்டைத் தாண்டித்தான் பெரிய ரோட்டுக்கு ஏற வேண்டும். முன் சீட்டிலிருந்து பார்த்தால் இருளாயியின் மேடு தெரியும்.