மஞ்சள் இல்லத்தின் நான்காவது ஓட்டக்காரி

2024 ஜூலை 13, சனிக்கிழமை காலை 10.20. பெண்கள் தொடர் ஓட்ட இறுதிப் போட்டிக்கு இன்னும் நாற்பது நிமிடம். பள்ளியின் நிறப் பிரிவுகளில் ஒன்றான மஞ்சள் இல்லத்தின் அணியில் நான்கு பேர் நிற்க வேண்டும். மூன்று பேர்தான் நின்றார்கள்.

கிளாரிசாவுக்கு வயது நாற்பத்தேழு. மலேசியாவின் கிளாங்கில் இந்தப் போட்டி நடக்கும் இடைநிலைப்பள்ளியின் அலுவலகக் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். ரயில் போகும்போதும் பேச்சை நிறுத்தாத வீடு. அந்தக் குரலுக்காகவே பதினொரு ஆண்டுகளாகப் பள்ளி விளையாட்டு விழாவின் மைக் அவர் கையில்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓட்டத்துக்கு முன் அணித் தலைவிகளிடம் எல்லோருடைய பட்டப்பெயரையும் கேட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். ‘ரோக்கெட்’, கொறிக்கும் சூரியகாந்தி விதையின் பெயரில் ‘குவாச்சி’ என்று அவர் மைக்கில் அழைத்ததும் எண்ணூறு பேரும் எழுந்து கத்துவார்கள். போன ஆண்டு மஞ்சள் இல்லத்தின் தலைவி வசுந்தரா, கடைசியாக ஓடும் தாமரைக்குச் சொன்ன பெயர் ‘கிச்சாப்’. கறுப்பு சோயா சாஸ். நிறத்தைச் சொல்கிறார்கள் என்று கிளாரிசாவுக்குப் புரிந்தது. ஆனால் பக்கத்தில் தாமரையும் சிரித்தாள். தோழிகள் விளையாட்டு என்று எழுதிக்கொண்டார்.

இன்று காலை மைக்கில் அதே பெயரைச் சொன்ன பிறகுதான் தாமரையைக் காணவில்லை.

முதலுதவிக் கூடாரத்தில், காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கேரித் தீவு எஸ்டேட்டிலிருந்து விடிவதற்கு முன் வேன் ஏறி வரும் பெண். கிளாரிசாவும் வசுந்தராவும் சேர்ந்து உள்ளே போனார்கள்.

“ஜோக் லா, ஆன்டி,” என்றாள் வசுந்தரா. “அவளே சிரிப்பா.”

“சிரிக்காம என்ன செய்றது? அழுதா அதுக்கு இன்னொரு பேரு வைப்பீங்க.” தாமரை கிளாரிசாவைப் பார்த்தாள். “முன்னாடி கிளாஸ்ல நாலு பேருதான் கூப்பிட்டாங்க, ஆன்டி. நீங்க மைக்ல சொன்னப்புறம் கேன்டீன்ல வரிசை நின்னாகூட அதே பேருதான்.”

கிளாரிசா மன்னிப்புக் கேட்டார்.

“இங்க கேட்டா யாருக்குத் தெரியும்? சொன்ன இடத்துலயே சொல்லுங்க.”

அடுத்து வசுந்தராவிடம் திரும்பினாள். தொடர் ஓட்டத்தில் கோலைக் கொடுக்க வருபவள் பின்னாலிருந்து குரல் கொடுக்க வேண்டும். முன்னால் ஓடுபவள் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னுக்கு நீட்டுவாள். மூன்று மாதப் பயிற்சியில் வசுந்தரா கொடுத்த குரல் அந்தப் பட்டப்பெயர்தான்.

“அந்தப் பேரச் சொன்னா கைய நீட்ட மாட்டேன்,” என்றாள் தாமரை. காலணியை மாட்டத் தொடங்கினாள்.

11.05. மைக் கரகரத்தது. ஒரு மாணவிக்கு அவளுக்குச் சொந்தமில்லாத பெயரை ஓராண்டாக இந்த மைக்கில் கொடுத்தேன், தவறு என்னுடையது என்று கிளாரிசா மலாயில் சொன்னார். பிறகு பள்ளிப் பதிவில் இருக்கும் பெயரை அழுத்தமாகப் படித்தார்: தாமரை, ரெங்கசாமியின் மகள். எங்கோ இரண்டு பையன்கள் சிரித்தார்கள். ஓட்டத்தைத் தொடங்கும் வெடிச்சத்தம் கேட்டது.

முதல் சுற்று சமம். இரண்டாவதில் நீல இல்லம் முந்தியது. மூன்றாவதில் வசுந்தரா வளைவில் பாய்ந்து நீலத்தைப் பிடித்தாள். கிளாரிசா மைக்கில் பேசுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். பத்து மீட்டர். ஐந்து. தாமரை ஓடத் தொடங்கிவிட்டாள்; கை உடலோடு ஒட்டியே இருந்தது. வசுந்தராவின் வாய் திறந்தது, பழக்கத்தில் ஒரு கணம் திக்கியது.

“தாமரை!”

கை பின்னுக்கு நீண்டது. கோல் உள்ளங்கையில் விழுந்தது. அந்த ஒரு கணத் தாமதத்தில் நீலம் இரண்டடி முன்னால் போய்விட்டது. தாமரை துரத்தினாள், மஞ்சள் கூடாரம் முழுக்க அவள் பெயரைக் கத்தியது. கோட்டைத் தாண்டும்போது நீலத்துக்கும் அவளுக்கும் அரையடி. இரண்டாம் இடம்.

வசுந்தரா மூச்சிரைக்க ஓடி வந்தாள். சத்தமாகக் கூப்பிடவில்லை என்று தாமரை அவளைத் திட்டினாள்.

கிளாரிசா நோட்டில் பட்டப்பெயர்கள் எழுதிய பக்கங்களைக் கிழித்தார். மாலைக்குள் மீதி ஓட்டக்காரர்கள் அத்தனை பேரிடமும் நேரிலேயே போய், எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்டார். ‘குவாச்சி’ தன் பெயரை மாற்ற வேண்டாம் என்றாள்.

மாவட்டப் போட்டிக்கான பள்ளி அணியில் வசுந்தரா மூன்றாவது, தாமரை நான்காவது. பயிற்சி செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு.