நான் தீட்டிய பூசணிக்காய்

அம்பாசமுத்திரம் சந்தையில் வாங்கிய மஞ்சள் பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனேன். "என்ன டீச்சர், பள்ளிக்கூடத்துல சமையலா?" என்று கேட்டார் கண்டக்டர். "இல்ல, பாடம்" என்றேன். அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என் ஒன்றாம் வகுப்பில் எல்லா விதமான பிள்ளைகளும் உண்டு. பார்வை குறைந்தவன் காயைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டான். நடக்க முடியாதவள் மடியில் தட்டை வைத்து விதைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்தாள். மற்றவர்களுக்குப் பூசணிக்காய் படம் போட்ட தாள். வண்ணம் தீட்டினால் சாயங்காலம் பெற்றோர் பார்க்கக் கயிற்றில் தொங்கவிடுவேன்.

ஒருத்தி மட்டும் தள்ளியே நின்றாள். இன்னும் பேச்சு வராதவள். பிசுபிசுப்பாக எதையும் தொடமாட்டாள், சோற்றில்கூடக் கை வைக்கமாட்டாள் என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். அந்தப் பிள்ளை பைய வந்து, வெட்டிய காய்க்குள் ஒரு விரலை விட்டாள். சட்டென்று எடுத்தாள். மறுபடி விட்டாள். பிறகு நாரும் விதையுமாகக் கை நிறைய அள்ளி வெளியே எடுத்து, அதைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் என்ன செய்தேன்? "ஏட்டி, சட்டையெல்லாம் பாழாக்குதியே" என்று இழுத்துக்கொண்டு போய்க் கையைக் கழுவிவிட்டு, தாளின் முன்னால் உட்கார வைத்தேன். அவள் கலர் பென்சிலைத் தொடவே இல்லை. பெற்றோர் வரும் நேரமாகிவிட்டது. இவள் படம் மட்டும் இல்லையென்றால் அம்மா மனசு நோகுமே என்று நானே தீட்டினேன். நம்பும்படியாக இருக்க, கோட்டைத் தாண்டி இரண்டு இழுப்பு வேறு. அத்தனை கெட்டிக்காரத்தனம் எனக்கு.

"எம் பிள்ளையா செஞ்சா?" என்றாள் அம்மா.

"ஆமா" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

அவள் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். "இவ வாப்பாவுக்கு அனுப்பணும்" என்று அந்தத் தாளைப் போனில் படம் எடுத்தாள். மூன்று தடவை எடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மா திரும்ப வந்தாள். கையில் ஒரு நோட்டு. மகள் தீட்டட்டும் என்று பக்கத்துக்குப் பக்கம் அவளே பூசணிக்காய் வரைந்திருந்தாள். ஒன்றில்கூட வண்ணமில்லை.

"தெனமும் உக்கார வைக்கேன் டீச்சர். தொடமாட்டேங்கா. ஒங்ககிட்ட செய்யுதா, எங்கிட்ட செய்யமாட்டேங்கா. நேத்து பொறுக்கமாட்டாம அடிச்சிட்டேன். எங்கிட்டதான் ஏதும் குறையோ?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். படம் நான் தீட்டியது, உன் மகள் செய்தது அதைவிடப் பெரிய காரியம், காய்க்குள் கைவிட்டுச் சிரித்தாள் என்று. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

"பைய வரும்மா. பிள்ளைய அடிக்கக் கூடாது" என்றேன், பெரிய டீச்சர் மாதிரி.

"இனிமே அடிக்கமாட்டேன் டீச்சர். மன்னிச்சிருங்க" என்றாள்.

நான் சரி என்று தலையாட்டினேன்.