நெற்றியில் வைத்த சீக்கியர் ரூபாய்

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். அரியலூரில் சிமெண்ட் ஏற்றுவார், சில சமயம் பஞ்சாப் வரைக்கும் லோடு போவார். அங்கே ரோட்டில் அடிபட்டுக் கிடந்த ஒரு சீக்கியப் பெரியவரை லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிழைத்து எழுந்த அந்தப் பெரியவர் தன் வீட்டுப் பழைய வெள்ளி ரூபாய் ஒன்றை இவர் கையில் வைத்தாராம்.

அதில் ஓர் இலை அச்சு இருந்தது. சுற்றிலும் பாரசீக எழுத்து. "படை கட்டி நாட்டைப் புடிச்சவங்க, காசு அடிக்கிறப்ப தன் பேரைப் போடல புள்ள, குருமாருங்க பேரைத்தான் போட்டாங்க. பின்னாடி வந்த பெரிய ராசாவும் அப்படித்தானாம்" என்பார் இவர். சீக்கியர்களுக்கு முதன்முதலாக ஆட்சி வந்த காலத்திலேயே அந்த வழக்கம் உண்டாம். எனக்குப் படிப்பு எட்டாவதுதான். ஆனாலும் சாமி பேரில் அடித்த காசு என்பது விளங்கியது. முருகன் படத்துக்குக் கீழே வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைத்தேன். "இது பூசை ரூமை விட்டு வெளிய போகக்கூடாது" என்று அவர் சொல்லியிருந்தார்.

இவருடைய அண்ணன், என் மூத்தார், ஒருமுறை தன் மகள் கொலுசுக்கு உருக்கக் கேட்டார். இவர் கொடுக்கவில்லை. அந்தக் கோபம் மூத்தாருக்கு ஆறவே இல்லை.

செந்துறை பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார் என் வீட்டுக்காரர். மறுநாள் பாடை கட்டும்போது நெற்றிக்காசு தேடினார்கள். மூத்தார் நேரே பூசை ரூமுக்குப் போய் அந்த ரூபாயை எடுத்து வந்தார்.

"அதுல சாமி பேரு இருக்கு மாமா. பொணத்து மேல வைக்காதீங்க" என்று காலைப் பிடித்தேன்.

"ராசா பேரே இல்லாத காசு எந்தக் கடையில செல்லும்? இங்கதான் செல்லும். உசுரா வச்சிருந்தான்ல, கொண்டு போவட்டும்" என்று நெற்றியில் சந்தனத்தைத் தடவி ஒட்டினார்.

ஒப்பாரி வைக்க வந்த ஒருத்தி, "புருசனுக்கு அழுவுறாளா, காசுக்கு அழுவுறாளா?" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போக முடியாது. கூடவே போய்விட்டது காசு.

அடுத்த நாள் காலையில் சுடுகாட்டில் எரியூட்டுகிறவர் கொல்லைப்பக்கம் வந்து நின்றார். நெற்றிக்காசு அவருக்குச் சேரவேண்டிய உரிமை. ஆனால் அதைத் துண்டில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

"இது குருமாருங்க பேரு போட்ட காசும்மா. லாரி அண்ணன் இத கொண்டாந்த அன்னிக்கே டீக்கடையில பக்கத்துல உக்கார வச்சுச் சொல்லியிருக்கு. நான் வச்சிக்கக் கூடாது, புடிங்க."

வாங்க என் கை எழுந்தது. பொணத்தின் மேலிருந்தது, சுடுகாட்டிலிருந்து வருவது, அதுவும் எரியூட்டுகிறவர் கையால். எல்லாம் ஒன்றாக மனசில் ஓட, கையை மடக்கிக்கொண்டேன்.

"கீழ வச்சிட்டுப் போப்பா. தண்ணி ஊத்தி எடுத்துக்கிறேன்."

"மஞ்சத்தண்ணியில கழுவித்தாம்மா கொண்டாந்தேன்."

"இருக்கட்டும். கீழ வையி."

"அண்ணன் இத என் உள்ளங்கையில வச்சுப் பாக்கச் சொன்னுச்சு. தரையில போட எனக்கு மனசு வரலம்மா." திரும்ப முடிந்துகொண்டு போய்விட்டார். நான் கூப்பிடவில்லை.

பின்னால் கதவோரம் நின்ற மூத்தார், "இப்பத்தான் நம்ம வூட்டுப் பொம்பள மாதிரி பேசுன" என்றார். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவர் என்னைப் பாராட்டியது அன்று ஒருநாள்தான்.