கரண்ட் வந்தால் ஓடும் ரயில்

அன்று மதியம் அந்த மேல்மாடி அறையில் மூன்று பேர் இருந்தோம்: முதலாளியம்மா, முதலாளியின் தம்பி, நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் முதலாளி, அவர் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. இன்னொன்று ஒரு குழந்தை. சாமியிடம் சம்மதம் கேட்டுப் பூக்கேட்கும்போது பொட்டலம் எடுத்துக் கொடுக்க அந்த வீட்டில் ஒரு சின்னக் குழந்தை இருந்திருந்தால், அந்த வேலையை நாங்கள் ரயிலிடம் கொடுத்திருக்க மாட்டோம்.

பொம்மை ரயில் என்று சொன்னால் முதலாளிக்குப் பிடிக்காது. "பொம்மைன்னா கொழந்தைகளுக்குங்க. இது மாடல்" என்பார். நிஜ எஞ்சினை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி, ஏணி, புகைபோக்கி, திருகாணி எதையும் விடாமல் செய்தது. உள்ளங்கையில் வைத்தால் எலி அளவுக்கு இருக்கும், ஆனால் எடைக்கல் மாதிரி கனக்கும்.

நான் திருப்பூர் மண்ணரையில் அவருடைய பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். தெற்கேயிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை, அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங். பள்ளிக்கூடம் போய் முடித்துக் கல்லூரிக்கும் போன முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். அதனால் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லும் பொறுப்பு எனக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு இங்கிலீஷில் மெயில் எழுதுகிறவன் என்பதால், எஞ்சின் விற்கும் ஜெர்மன் கடைகளுக்கும் நானே எழுத வேண்டியதாயிற்று. இரண்டு மெயிலுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் ஷிப்மெண்ட் எப்போது என்றுதான் கேட்பேன்.

இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவரும் ஒரு பையர்தான். முதல் ஆர்டர் சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்ந்த சந்தோஷத்தில், தன் வீட்டுப் பரணில் கிடந்த பழைய கறுப்பு நீராவி எஞ்சினைக் கொண்டுவந்து கொடுத்தார். அதன் பிறகு ஒவ்வொரு ஆர்டர் முடிந்ததும் முதலாளி ஒரு எஞ்சின் வாங்குவார், அல்லது இரண்டு பெட்டி வாங்குவார். எந்த ஆர்டரின் லாபத்தில் வாங்கினாரோ அந்த ஆர்டரின் துணியிலேயே ஒரு துண்டு வெட்டி அதைச் சுற்றி வைப்பார். அலமாரியைத் திறந்தால் மெரூன், கடல்நீலம், கோடு போட்டது, குழந்தைகள் துணியின் கரடிப் படம் போட்டது என்று சின்னச் சின்னத் துணி மூட்டைகளாக இருக்கும். துணியைத் தொட்டே உள்ளே எந்த எஞ்சின் என்று சொல்லிவிடுவார்.

பழைய கட்டிங் டேபிள்மேல் தண்டவாளம் போட்டிருந்தார். மலையும் சுரங்கமும் நூல்கோன் அட்டையால் அவரே செய்தவை. மேலே பச்சைச் சாயம் முக்கிய பனியன் வேஸ்ட்டை ஒட்டியிருந்தார். ஒரு ஸ்டேஷனும் உண்டு. பெஞ்சு, விளக்கு, கடிகாரம் எல்லாம் இருக்கும், ஆள் மட்டும் ஒருவர்கூட இருக்கமாட்டார். ஜெர்மனியிலிருந்து சின்னச் சின்ன மனிதர்கள் ஒரு டப்பாவில் வந்திருந்தார்கள். வெள்ளைக்காரர்களைக் கொண்டுவந்து நிறுத்தினால் நம்ம ஊர் மாதிரி இருக்காது என்று அந்த டப்பாவை அவர் பிரிக்கவே இல்லை.

திருப்பூரில் பஞ்சு படியாத பொருள் கிடையாது. தினமும் மதியம் சாப்பிட்டுவிட்டு மேலே வந்து, பெயிண்ட் பிரஷால் தண்டவாளத்துப் பஞ்சைத் தட்டுவார். பிறகு டிரான்ஸ்பார்மரின் சிவப்புக் குமிழைத் திருப்பிவிட்டு, மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். பேசமாட்டார்.

தினமும் கரண்ட் போய்க்கொண்டிருந்த வருஷம் அது. ஒரு மதியம் ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் ஏன் போடவில்லை என்று பார்க்கக் கீழே இறங்கினார். பாதிப் படியில் உட்கார்ந்தார். அப்புறம் எழவில்லை. யாரோ மேலே அறையைப் பூட்டிச் சாவியை முதலாளியின் பொங்கலூர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

தையல் மெஷின் ஓடும்போது மேலே என்ன நடந்தாலும் கீழே கேட்காது. சாப்பாட்டு நேரத்தில்தான் முதலில் கேட்டது. தலைக்கு மேலே ஏதோ உருள்கிற சத்தம். நெருங்கி வரும், தேயும், கொஞ்ச நேரம் கேட்காது, மறுபடி வரும். அயர்ன் டேபிளில் இருந்த பீகார்க்காரர் சோற்றை அப்படியே வைத்துவிட்டு மேலே பார்த்து, "ஊப்பர் சேட்ஜி ஹை" என்றார், மேலே முதலாளி இருக்கிறார் என்று. அதற்குப் பிறகு அந்த ஹாலில் யாரும் சாப்பிடவில்லை. எல்லோரும் டிபன் கேரியரோடு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனார்கள். நானும் போனேன். முதலாளி குமிழை அணைக்காமல் இறங்கிவிட்டார், கரண்ட் வந்தால் அது தானாக ஓடும் என்று சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். யாரும் திரும்ப உள்ளே வரவில்லை.

இதற்கிடையில் ஜெர்மனியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. கரி ஏற்றும் திறந்த பெட்டி, அந்தக் கறுப்பு எஞ்சினுக்குச் சேர வேண்டியது. அவர் உயிரோடு இருந்தபோது நான் ஆர்டர் போட்டது. அதைச் சுற்ற எந்தத் துணியை வெட்டுவது என்று தெரியாமல் என் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டேன். அந்த வருஷம் லாபம் வந்த ஆர்டரே இல்லை.

கம்பெனிக் கட்டடத்தை விற்றுக் கடனைக் கட்டினால்தான் முதலாளி வீட்டுப் பொங்கலூர்த் தோட்டம் தப்பும் என்ற நிலை வந்தது. வாங்க ஆளும் கிடைத்தார். கையெழுத்துப் போட வேண்டியவர் முதலாளியம்மா. அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: கட்டடம் வீட்டுக்காரர் கட்டியது, அவர் சம்மதம் தெரியாமல் கை வைக்கமாட்டேன். ஒரு முறை அறையைப் பார்த்துவிடலாம் என்று தம்பி அவரைக் கூட்டிவந்தார். தம்பியைக் கம்பெனியில் எல்லோரும் சின்னவர் என்போம்.

கதவைத் திறந்ததும் பஞ்சு வாசம். அலமாரி, மலை, ஸ்டேஷன் பெஞ்சு எல்லாவற்றின் மேலும் விரல் கனத்துக்கு வெள்ளையாகப் படிந்திருந்தது. தண்டவாளம் மட்டும் பளபளத்தது. ரயில் எங்களைப் பொருட்படுத்தாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அத்தனை வாரம் ஓடிய மோட்டார் கருகியிருக்க வேண்டும். கருகவில்லை.

மூங்கில் நாற்காலியிலும் பஞ்சு இல்லை.

ஜன்னல் காற்றாக இருக்கும் என்றார் சின்னவர். ஜன்னல் சாத்தியிருந்தது. நான் குமிழை அணைக்கக் கையை நீட்டினேன்.

"தொடாத கண்ணு" என்றார் முதலாளியம்மா. "அவரு திருப்பி வெச்சது."

அங்கேயே பூக்கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். வழக்கமாகக் கோயிலில் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். ஆனால் துக்க வீடு, வருஷம் திரும்பும்வரை கோயில் படி ஏறக்கூடாது. வாங்குகிறவரோ ஆடி பிறப்பதற்குள் பத்திரம் முடிய வேண்டும் என்றார். மகள் வெளிநாட்டில் இருந்தார், பேரன் பேத்தி இன்னும் இல்லை. பக்கத்து வீட்டில் குழந்தை கேட்கலாமே என்றேன். இந்த அறைக்கு எவன் பிள்ளையை அனுப்புவான் என்று சின்னவர் என்னையே திருப்பிக் கேட்டார். அப்போதுதான் முதலாளியம்மா ரயிலைப் பார்த்தார்.

மறுநாள் நந்தியாவட்டையும் சிவப்பு அரளியும் கொண்டுவந்தார். கரண்ட் போகாத நேரமாகப் பார்த்து மதியம் மூன்று மணியைச் சொன்னது சின்னவர். இரண்டு பூவையும் ஒரே மாதிரி வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டி, முந்தானையில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுத்தார். குமிழைத் தொடக்கூடாது, சுவர் சுவிட்சை அணைக்கலாம் என்று அனுமதி கொடுத்தார். அணைத்தேன். ஓடிக்கொண்டிருந்தது அந்தக் கறுப்பு எஞ்சின்தான்; அதன் பின்னால் டிராயரிலிருந்த புதுப் பெட்டியை மாட்டினேன். முதலாளி கண்ணால் பார்க்காத பெட்டி. பொட்டலத்தை அதில் வைத்தார் முதலாளியம்மா. ரயில் சுரங்கத்துக்குள் போய் மறுபக்கம் வந்து ஸ்டேஷனில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். வெள்ளை என்றால் விற்கலாம். சிவப்பு என்றால் கூடாது.

"நங்கை" என்றார் சின்னவர். அண்ணன் மனைவியை அவர்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "வண்டி லேட்டுன்னா அறிவிப்பு ஏதாச்சும் வருமுங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும்.

முதலாளியம்மாவே சுவிட்சைப் போட்டார். ரயில் நகர்ந்து, ஆளில்லாத ஸ்டேஷனைத் தாண்டி, வளைந்து சுரங்கத்துக்குள் நுழைந்தது. கடைசிப் பெட்டியும் உள்ளே போய் மறைந்ததும் கரண்ட் போயிற்று.

கீழே மெஷின்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. மண்ணரையே மூச்சை அடக்கியதுபோல இருந்தது. பிறகு சுற்றிலும் ஒவ்வொரு கம்பெனியாக ஜெனரேட்டர் உறும ஆரம்பித்தது. மேல்மாடிக்கு ஜெனரேட்டர் லைன் கிடையாது. நாங்கள் சுரங்க வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உட்கார ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதன் பக்கம் யாரும் போகவில்லை.

சின்னவருக்குப் பொறுமை போயிற்று. பொட்டலத்தைக் கையாலேயே எடுத்துவிடலாம் என்று சுரங்கத்துக்குள் கையை விடப்போனார்.

"வேண்டாமுங் தம்பி" என்றார் முதலாளியம்மா, மெதுவாக. "உள்ள அவரு என்ன பண்ணிட்டிருக்காரோ."

கையை எடுத்துக்கொண்டார். எடுத்த கையை வேட்டியில் துடைத்தார்.

எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. திடீரென்று டியூப்லைட் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் எரிந்தது. சுரங்கத்துக்குள் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. மூவரும் வெளியே வரும் வாயைப் பார்த்தோம். அங்கே எதுவும் வரவில்லை. சத்தம் மட்டும் நகர்ந்தது. நுழைந்த வாய் வழியாகவே, கடைசிப் பெட்டி முன்னால் வர, ரயில் பின்னோக்கி வந்தது. பனியன் வேஸ்ட்டின் பச்சைப் பஞ்சு ஒரு நூலாகப் பொட்டலத்தின் மேல் கிடந்தது. ஸ்டேஷனுக்கு வந்ததும் முதலாளியம்மா சுவிட்சை அணைத்தார்.

சின்னவர் பொட்டலத்தை எடுத்து நாரைப் பல்லால் கடித்துப் பிரித்தார்.

"வெள்ளைங்க நங்கை." உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "வெள்ளை. பாருங்."

"பூவு வெள்ளைதானுங் தம்பி. ஆனா சொரங்கத்தத் தாண்டி அக்கட்டால போகலியே. கொண்டுபோயிப் பாதியில திருப்பிக் கொண்டாந்து வெச்சுட்டாரே."

சின்னவர் என் பக்கம் திரும்பினார். "ஏப்பா டிகிரி, உங்க காலேஜ்ல இதுக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க? சொல்லு."

சொன்னேன். இந்த ஜாதி எஞ்சினுக்கு ஒரு கணம் அதிகக் கரண்ட் கொடுத்தால் திசை மாறும்; முதலாளியே குமிழைப் பின்னால் ஒரு தட்டுத் தட்டித்தான் திருப்புவார். இது பழைய எஞ்சின், உள்ளே ஸ்பிரிங் தளர்ந்தது. இப்போது ஹைவோல்டேஜ் வந்தது, திரும்பிவிட்டது. இவ்வளவுதான் அம்மா என்றேன். அத்தனை வாரமும் பூட்டிய அறைக்குள் இப்படி எத்தனை தடவை திரும்பித் திரும்பி ஓடியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கே தோன்றியது.

"புரியுது கண்ணு" என்றார் அவர். "கரண்ட் ஜாஸ்தியா வந்துச்சு, திரும்பிருச்சு. செரி. அந்தக் கரண்ட் ஏன் அப்பப் போயி அப்ப வந்துச்சு?"

என்னிடம் பதில் இருந்தது. டிரான்ஸ்பார்மர், லோடு, பழைய லைன். நாற்காலியைப் பார்த்தேன். சொல்லவில்லை.

அவர் மடியிலிருந்த மற்றப் பொட்டலத்தையும் பிரித்தார். அரளியை எடுத்து ஸ்டேஷன் பெஞ்சுப் பக்கத்தில் வைத்தார். அந்த பிளாட்பாரத்தில் முதன்முதலாக ஏதோ ஒன்று காத்திருந்தது.

"பூவும் பொய்யில்ல, திரும்பினதும் பொய்யில்ல" என்றார். "கட்டடத்தக் குடுத்துப் போடலாமுங் தம்பி. இந்த அறைய மட்டும் விட்டுப்போட்டு."

சின்னவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பத்திரம் எழுதுகிறவர் தலையைச் சொறிந்தார். வாங்குகிறவர் இரண்டு தடவை எழுந்து போய் மூன்றாம் தடவை சம்மதித்தார், விலையைக் குறைத்துக்கொண்டு. கம்பெனிக்குள்ளே வழி தரமாட்டேன் என்றதால் வெளிப்பக்கமாக இரும்புப் படி வைக்க வேண்டியிருந்தது. அந்த ஓர் அறைக்குத் தனி மீட்டர். தோட்டம் தப்பியது. முதலாளியம்மா மாதம் ஒருமுறை பஸ்ஸில் வந்து, இரும்புப் படியேறி, பிரஷால் பஞ்சைத் தட்டிவிட்டுப் போவார். குமிழ் அப்படியே இருந்தது. புதுக் கம்பெனிக்காரர்களும் சாப்பாட்டுக்கு வேப்பமரத்தடிக்கு வருவதாகக் கேள்வி.

பிறகொரு நாள் பழைய பஸ் ஸ்டாண்டில் சின்னவரைப் பார்த்தேன். அந்த மோட்டார் இன்னும் கருகவில்லையா என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். போய்ப் பார்த்தாயா என்றார். இல்லை என்றேன். அவரும் போகவில்லையாம். டீ குடிக்கும்போது கேட்காமலே கணக்கைச் சொன்னார். விலையில் குறைந்தது, இரும்புப் படி, தனி மீட்டர், எல்லாம் சேர்த்து: பதினோரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.