தலைவரின் கருந்துளை

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அண்ணிக்கு ஒரே வேலைதான்: பக்கத்து கேலக்ஸிகளில் எது துடிக்கிறது என்று பார்ப்பது. விண்வெளியில் சுற்றும் எக்ஸ்-ரே தொலைநோக்கி அனுப்பும் தகவலைக் கணினியில் கொட்டி, அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்குவார். வீட்டுச் சாவி எங்கே என்று கேட்டால் மட்டும் தெரியாது.

போன மாதம் ஒன்று மாட்டியது. மாட்டிய இடம்தான் வில்லங்கம். அது அண்ணி வேலை பார்க்கும் ஆய்வகத் தலைவரின் கருந்துளை. எக்ஸ்-ரேயில் அத்தனை பிரகாசமாக இருப்பது, சுற்றியுள்ளதை விழுங்கும் கருந்துளையாகத்தான் இருக்க முடியும் என்று எழுதி எழுதியே தலை நரைத்தவர் அவர். இப்போது அது சீராகத் துடிக்கிறது என்கிறார் அண்ணி. கருந்துளை அப்படித் துடிக்காது. சுழலும் நியூட்ரான் நட்சத்திரம், அதாவது பல்சர்தான் துடிக்கும். அண்ணியுடையதோ ஒப்பந்த வேலை. அதை நீட்டிக்கத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். பேசாமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தால் அவர் என் அண்ணி இல்லையே.

"ஏதோ மெஷின் கோளாறு" என்றார் தலைவர். ஆபீஸில் சுற்றுகிற எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். மின்விசிறி, கடிகாரம், ஃப்ரிட்ஜ் எல்லாம் நின்றன. தகவல் எப்போதோ விண்வெளியில் பதிவானது என்று சொல்ல ஒருவருக்கும் தைரியமில்லை. வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்கள். துடிப்பு நிற்கவில்லை.

மறுநாள் தலைவர் துக்க விடுப்பில் போனார். ஊழியர்கள் வரிசையாக அவர் வீட்டுக்குப் போய், "மனசைத் தேத்திக்கங்க சார்" என்றார்கள். அண்ணியும் கிளம்பினார், துணைக்கு நான். கொலை செய்தவரே துக்கம் விசாரிக்கப் போகிற மாதிரி இருந்தது.

கதவைத் திறந்தது தலைவரின் மனைவி. அண்ணியை மேலும் கீழும் பார்த்தார். "நீதானா அது? உள்ள வா."

தலைவர் சோபாவில் சுருண்டு கிடந்தார். ஒப்பந்தத் தாள் பக்கத்திலேயே இருந்தது.

"அடுத்த கேலக்ஸியில எனக்கு இன்னொண்ணு இருக்கு. அதைத் தொடமாட்டேன்னு சொல்லும்மா, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

சரி என்று சொல்லித் தொலைக்கட்டுமே என்று நான் தவித்தேன்.

"அதையும் பார்த்துட்டேன் சார்" என்றார் அண்ணி.

"துடிக்குதா?"

"துடிக்குது சார்."

கையிலெடுத்த பேனாவைத் தலைவர் மூடினார். மனைவி அதைப் பிடுங்கி, திறந்து, மறுபடி அவர் கையில் திணித்தார்.

"போடுங்க. கல்யாணமானதுலேருந்து அதுங்ககூடத்தானே குடும்பம் நடத்துறீங்க?"

தலைவர் போட்டார். அந்த அம்மா தாளை அண்ணியிடம் நீட்டினார்.

"இன்னும் ஏழெட்டு வச்சிருக்காரு. ஒண்ணு விடாம பாரும்மா."