பொம்மையோடு வந்த பயிற்சியாளர்

2001 ஜூலை ஒன்பது, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணி. மூன்றாம் நாளாகத் தூறல். தேயிலை விலை விழுந்ததில் எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஒன்பது பேரில் நால்வர்தான் மிச்சம். தோட்டத்து ஆட்களுக்கு நாங்களே முதலுதவி கற்றுத்தர வேண்டுமென்று, எங்களைப் பழக்க ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து ரப்பர் பொம்மையோடு வந்தார்.

குட்டை உருவம், கழுத்தில் விசில். சொல்லாமல் கொள்ளாமல் மயங்கி விழுந்து எங்களைச் சோதிப்பது அவர் பழக்கம். ஒரு மணி நேரத்தில் மூன்று முறை விழுந்தார். பதறி ஓடிய நர்ஸிடம், "ஏனுங்கம்மா, மொதல்ல மூச்சப் பாக்கோணுமா, அழுவோணுமா?" என்று நக்கலடித்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நெசமாவே ஒங்களுக்கு ஏதும் ஆனா எப்புடிங்க சார் தெரியும்? அதுக்குன்னு ஒரு வார்த்தை வச்சிக்கிருவோமே."

"நான் சாகறதுன்னா சொல்லிப்போட்டுத்தான் சாவேனுங்க."

எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தவன் நான்.

பதினொன்றரைக்கு நான்காவது முறை விழுந்தார். ஓடப்போன நர்ஸின் கையைப் பிடித்து, "மறுபடியும் ஏமாறாதம்மா" என்று நிறுத்தினேன். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணவும் தொடங்கினேன். அவர் உதடு நீலமானதும் அவள் என்னை உதறிவிட்டுப் போய் நெஞ்சை அழுத்தினாள். பிழைத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் குன்னூர் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அவருக்கு நாக்கு குழறியது.

"எத்தன செகண்டு சும்மா நின்னீங்க?"

"இருபதுங்க."

"பரவால்லீங்க. பாஸ்" என்றார்.

நம்பினாரா, என்னை மன்னித்தாரா, இன்றுவரை தெரியவில்லை. நான் எண்ணியது தொண்ணூற்று நான்கு.