பூட்டிய காப்பகமும் என் அக்காவின் வாயும்

என் அக்கா இதுவரை தைத்த சட்டைக் காலர்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் பூமியை மூன்று சுற்றுச் சுற்றலாம். மிச்சத்தில் சூரியனுக்கு ஒரு மஃப்ளர் கட்டலாம். அவள் மிஷினில் உட்கார்ந்தால் மின்சாரமே மூச்சு வாங்கும். இது எட்டாம் வகுப்போடு நின்ற தங்கச்சி நான் போட்ட கணக்கு. தப்பிருந்தால் என்னைக் கேட்காதீர்கள், அக்கா வேலை செய்யும் ஃபேக்டரியைக் கேளுங்கள். நான் நின்றதே அவர்களால்தான்.

அக்காவுக்கு ஒரு மகள். கையில் கிடைத்ததையெல்லாம் கொறிப்பதால் வீட்டில் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர். மாமா லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நாலு நாள் விருந்தாளி மாதிரி வந்து போவார். அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். சுண்டெலிக்கு மூன்று மாதம் ஆனதும் அக்கா வேலைக்குத் திரும்பினாள். அவளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆள் நான். பள்ளிக்கூடத்தில் யாரும் அழவில்லை. டீச்சர் நாற்காலியில் பபிள்கம் ஒட்ட ஆளில்லையே என்று என் வகுப்பு மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டது.

ஃபேக்டரியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் காப்பகம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சலே. தையல் ஹாலுக்கும் கழிவறைக்கும் நடுவில், சுவரில் பல்லைக் காட்டும் முயல், உள்ளே நாலு தொட்டில், கதவில் பளபளவென்று ஒரு போர்டு. போர்டுக்குக் கீழே என் முஷ்டி அளவுக்கு ஒரு பூட்டு.

அக்கா திரும்பிப் போன முதல் வாரம் பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. ரவிக்கை நனைந்தது. லைன் சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மழையில நனைஞ்சியா?" என்று கேட்டான். கூட நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த ஆளுக்குப் பேச்சைவிட விசில் அதிகம், அதனால் பெயரே விசில். அக்கா கழிவறைக்குப் போய்ச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்று, பாலைப் பீய்ச்சிச் சாக்கடையில் விட்டாள். அதே நேரத்தில் நான் வீட்டில் சுண்டெலிக்குப் பால் பவுடர் கலக்கிக் கொண்டிருந்தேன். அவள் பாட்டிலைத் தள்ளித் தள்ளி அழுதாள். பூட்டிய அறையிலிருந்து அக்காவின் மிஷினுக்கு முப்பது அடி. அக்கா காலால் அளந்திருக்கிறாள்.

அந்தப் பூட்டு வருஷத்துக்கு ஒருநாள் திறக்கும். சட்டை வாங்கும் கம்பெனி ஆட்கள் எங்கிருந்தோ ஆடிட் பண்ண வருகிற நாள். அதற்கு முந்தின சாயங்காலம் விசில் லைனுக்கு வந்து, "சின்னப் பிள்ளை இருக்கிறவங்க நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. நாளைக்கு ஒரு நாள்தான், புரிஞ்சுதா? மறுநாள் தூக்கிட்டு வந்து நிக்கக் கூடாது" என்பான்.

இந்த வருஷம் சுண்டெலியையும் கேட்டார்கள். என் இடுப்பை விட்டு இறங்கமாட்டேன் என்று அவள் கத்தியதால் நானும் உள்ளே போனேன். ஆபீஸ் மேடம் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். ஒரு பச்சை ஏப்ரனை எடுத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"இன்னைக்கு நீதான் ஆயா. யாராவது கேட்டா ஒரு வருஷமா இங்க வேலை பாக்குறேன்னு சொல்லு."

"எனக்குப் பதினஞ்சுதான் மேடம் ஆகுது."

"பத்தொம்பதுன்னு சொல்லு. எழுதத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அங்கேதான் மேடம் சறுக்கினார். தடியான ஒரு வருகைப் பதிவேட்டையும் நாலு கலர் பேனாவையும் கையில் கொடுத்தார். பத்துப் பிள்ளைகள், எட்டு மாதம். எல்லாரும் தினமும் வந்த மாதிரி டிக் போட வேண்டும். ஒரே மையில் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்களாம், மாற்றி மாற்றிப் போட வேண்டுமாம்.

"ஒரு நாள் விடாம போடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சொன்ன பேச்சு கேட்கிற பெண். ஒரு நாள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் போட்டேன். பாய்லர் வெடித்து ஃபேக்டரியே மூடிக் கிடந்த வாரத்துக்கும் போட்டேன். அக்காவின் பக்கத்து மிஷின் அக்காவுக்குக் கைக்குழந்தை. அது பிறப்பதற்கு மூன்று மாதம் முன்னாடியே காப்பகத்துக்கு வந்துவிட்டது, பச்சை மையில். டிக் போடும்போது சிரிப்பு வந்தது. சுண்டெலி வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டது. இந்த நாட்களில் அவள் எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியுமே. என் இடுப்பில் இருந்தாள்.

பதினொரு மணிக்கு வந்தார்கள். தலை நரைத்த ஒரு அம்மா, கூடவே மொழிபெயர்க்க ஒருவர். அந்த அம்மா பதிவேட்டைப் புரட்டி, விரலை ஒரு இடத்தில் வைத்துக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமையும் நடத்துறீங்களான்னு கேக்குறாங்க."

"ஆமா, ஆமா" என்றார் மேடம். "தொழிலாளர் நலன்தான் எங்களுக்கு முக்கியம்."

"பாய்லர் வெடிச்ச வாரம் கூடவா? அந்த வாரம் மூடிட்டோம்னு சொல்லித்தானே சட்டைய லேட்டா அனுப்புனீங்க?"

மேடத்தின் முகம் வெளுத்தது. சட்டென்று என் பக்கம் கையை நீட்டி, "இந்த ஆயாப் பொண்ணு படிக்காதது. தப்பாப் போட்டிருக்கு. வேணும்னா ஒரு தாயையே கேளுங்க" என்றார்.

விசில் ஓடிப்போய் அக்காவைக் கூட்டிவந்தான். வருகிற வழியெல்லாம் அவள் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். என்னவென்று அப்புறம் தெரிந்தது: "ஆமான்னு சொன்னா இருப்ப. இல்லைன்னா நாளைக்கு உன் மிஷின்ல வேற ஆளு."

என் விளையாட்டு அக்காவின் வேலையில் போய் முட்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. அந்த வேலை போனால் வீட்டு வாடகை போச்சு. ஆமாம் என்று சொல்லிவிடு என்று கண்ணால் கெஞ்சினேன்.

"உங்க பிள்ளை தினமும் இங்க வருதா?" என்று கேட்டார்கள்.

அக்கா சுண்டெலியைப் பார்த்தாள். அவள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஒரு பொம்மையை உறையோடு கடித்துக் கொண்டிருந்தாள். அக்கா பதிவேட்டைப் பார்த்தாள். எட்டு மாத டிக். அவள் கழுத்து நரம்பு புடைத்தது.

"இந்த ரூமையே இவ இன்னைக்குக் காலையிலதான் பாக்குறா. அந்தப் பொம்மைய பாருங்க, கவர்கூட கிழியல. நான் பாலை அந்தப் பக்கத்து கக்கூஸ்ல பீய்ச்சி ஊத்துனப்போ இந்தப் பூட்டு இங்கதான் தொங்குச்சு. இதோ ஏப்ரன் போட்டு நிக்கிறாளே, ஆயா இல்ல, என் தங்கச்சி. ஒம்பதாவது உக்கார வேண்டியவ. என் பிள்ளைக்காக வீட்ல உக்காந்தா."

"ஏம்மா, கொஞ்சம் மெதுவா..." என்றார் மேடம்.

"எதுக்கு மெதுவா? எங்க லைன்ல நாப்பது பேர் இருந்தாங்க. பிள்ளை பெத்ததும் பதினோரு பேர் நின்னுட்டாங்க. கை பழகுனவங்க எல்லாரும். புதுசா வந்தவங்க காலரைக் கோணலாத் தைக்கிறாங்க, அதைப் பிரிச்சுத் திரும்பத் தைக்க எங்களையே ஒரு மணி நேரம் கூட நிக்க வைக்கிறீங்க. ஒரு ஆயாவுக்குச் சம்பளம் குடுத்திருந்தா இதெல்லாம் எதுக்கு? நாங்க ஒண்ணும் தர்மம் கேக்கல சார். பூட்டைத் தொறங்கன்னுதான் கேக்குறோம்."

மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் சொன்னார். கக்கூஸ் என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறினார். அந்த அம்மா வெகுநேரம் எழுதினார். இனி சொல்லாமல் வருவோம் என்று மேடத்திடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு லைனில் யாரும் அக்காவோடு பேசவில்லை. "ஆர்டர் போச்சுன்னா எல்லாரும்தானே தெருவுல நிப்போம்" என்று பக்கத்து மிஷின் அக்காவே முணுமுணுத்தாள். ஆர்டர் போகவில்லை. அடுத்த திங்கட்கிழமை பூட்டு இல்லை. நிஜமான ஆயா ஒருத்தி வந்திருந்தாள், மிரட்டல் குரலும் மெத்தென்ற கையுமாக. முதல் நாள் மூன்று பிள்ளைகள். வாரக் கடைசியில் பதினாலு, அதில் முணுமுணுத்தவளின் கைக்குழந்தையும் ஒன்று.

அக்காவை வேலையை விட்டு அனுப்ப முடியவில்லை. ஆடிட்காரர்கள் அவள் பெயரை எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். அதற்குப் பதிலாகக் காலர் மிஷினிலிருந்து எடுத்து, நூல் வெட்டும் மேசையில் நிறுத்திவிட்டார்கள். பூமியைச் சுற்றுகிற அளவுக்குத் தைத்தவளை நாள் முழுக்க நிற்க வைத்து நூல் வெட்டச் சொல்கிறார்கள். அவர்கள் மீசையில் மண் ஒட்டாமல் இருக்க இவள் கால் வீங்க வேண்டும். இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சனியன் தொலைந்தது, இனி என் முடியைப் பிடித்து இழுக்க ஆளில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

நாலாம் நாள் மதியம், ஃபேக்டரிக்குப் பின்பக்கச் சந்தில், காப்பக ஜன்னல் கம்பியைப் பிடித்து எக்கிக் கொண்டிருந்தேன். உள்ளே சுண்டெலி ஆயாவின் மடியில் வாயைப் பிளந்து தூங்கினாள். அடுத்த ஜன்னல் படாரென்று திறந்தது. நூல் வெட்டும் மேசை அந்த ஜன்னலோரம் இருப்பது எனக்குத் தெரியாது.

"ஏய் வாலு! ஸ்கூலை எப்படி இந்தச் சந்துக்கு மாத்துனாங்க?"

"சும்மா... இந்தப் பக்கமா போனேன்."

"மூணு நாளா இதே நேரத்துக்கு அந்த ஜன்னல்ல ஒரு ரிப்பன் ஆடுது. தினமும் இந்தப் பக்கமாத்தான் போறியா?"

"அவ ஆயாவக் கடிச்சிருப்பாளேன்னு பாக்க வந்தேன். பாவம் அந்தம்மா."

"கடிக்கல. உன்னத் தேடவும் இல்ல. சாப்புட்டா, தூங்குறா." அக்கா கத்தரியை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "சனியன் தொலைஞ்சதுன்னு சொன்னவளுக்கு மூக்கு ஏன்டி ஒழுகுது?"

"வெயில்."

"வெயில்ல மூக்கு ஒழுகுமா? இதுக்குத்தான் படிக்கணும்கிறது. ஓடு, பெல் அடிச்சிரப் போகுது."